தும்புரு தீர்த்தத்தில் ஒரு வழுக்குப் பாறை

அதிகாலை மூன்றரை மணிக்கே திருச்சானூர் விழித்திருந்தது. பத்மாவதித் தாயார் கோயிலை ஒட்டிய தெருவில் பூக்கட்டும் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். டீக்கடை அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. மலைமேல் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் கீழே இருக்கும் தாயாரைச் சேவிக்காமல் ஊர் திரும்பக் கூடாது என்பது இங்கே எழுதப்படாத சட்டம். நாங்கள் போவது பெருமாளைப் பார்க்க அல்ல, பாறைகளைப் பார்க்க. இருந்தாலும் சாத்தியிருந்த கதவை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

போகிற இடம் தும்புரு தீர்த்தம். திருமலையில் பாபவிநாசம் அணையைத் தாண்டி, சேஷாசலக் காட்டுக்குள் சுமார் ஏழு கிலோமீட்டர். வருடம் முழுவதும் அடைத்துக் கிடக்கும் பாதை இது. பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி மட்டும், தும்புரு தீர்த்த முக்கோடி என்ற பெயரில், திருமலை திருப்பதி தேவஸ்தானமும் வனத்துறையும் திறந்துவிடுகின்றன. தைப் பௌர்ணமிக்கு ராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமிக்குக் குமாரதாரை, பங்குனிக்குத் தும்புரு. புண்ணிய தீர்த்தங்கள் எல்லாம் அன்று அங்கே வந்து கலப்பதாக ஐதிகம். தீர்த்தங்களுக்கு வழி சுலபம் போலிருக்கிறது. மனிதர்கள்தான் கற்களின் மேல் தொற்றி ஏற வேண்டும். இதய நோயாளிகள், ஆஸ்துமாக்காரர்கள், உடல் பருத்தவர்கள், வயதானவர்கள் வர வேண்டாம் என்று தேவஸ்தானம் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது.

அந்தப் பட்டியலில் என்னைத் தடுக்க ஒரு வார்த்தையும் இல்லை. பயம் நோயாகக் கணக்கில் வருவதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையில் ஓர் ஓடையைத் தாண்டும்போது விழுந்தேன். பெரிய மலையேற்றம் ஒன்றும் இல்லை. இரண்டு பாறைகள், நடுவில் நாலடி இடைவெளி. நண்பன் முதலில் தாண்டி அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினான். "எகிறுடா, நான் பிடிச்சுக்கறேன்." எகிறினேன். அவன் கை கிடைத்தது. ஈரக் கை. சோப்புத் துண்டு போல நழுவியது. ஏழெட்டு அடி கீழே போய்ச் சேர்ந்தேன். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள் இரண்டு பேரும் நண்பனும் ஒரு வேட்டியில் தொட்டில் கட்டி, சாலை வரைக்கும் தூக்கி வந்தார்கள். வழி முழுவதும் நண்பன் ஒரு வார்த்தை பேசவில்லை.

தகடு வைத்து ஆறு திருகாணி போட்ட எலும்பு நாலு மாதத்தில் கூடிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, "இனி நீங்கள் கால்பந்து ஆடலாம்" என்றார். நான் குளியலறை ஈரத் தரையைக் கண்டால் சுவரைத் தேடினேன். கோயில் குளத்தில் படியிறங்குவதை விட்டேன். மழை பெய்த பிளாட்பாரத்தில் கிழவனைப் போல நடந்தேன். உடம்பு மறந்த விழுதலை உடம்பின் வேறு ஏதோ ஓர் இடம் மறக்கவில்லை.

நண்பனுக்கும் எனக்கும் முப்பத்தைந்து வருடப் பழக்கம். திருப்பதி எஸ்.வி. பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறை. இப்போது திருச்சானூரில் கோயில் பக்கம் வளையல் கடை வைத்திருக்கிறான். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். வாரம் ஒரு தடவை போன் செய்வான். வியாபாரம், பிள்ளைகள், அரசியல், கிரிக்கெட் எல்லாம் பேசுவோம். ஜவ்வாது மலை மட்டும் வராது. மூன்று வருடமாக வரவில்லை. மாசி கடைசியில் ஒருநாள், பேச்சோடு பேச்சாக, "பங்குனிக்கு தும்புரு வர்றியா?" என்றான். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஜீப் வரும் வரை தெருமுனையில் நின்றோம். திருப்பதிக்கு வருகிறவர்கள் தரிசன வரிசையின் நீளத்தை மட்டுமே நினைவில் கொண்டுபோகிறார்கள். திருச்சானூரின் பழமையைக் கவனிப்பவர்கள் குறைவு. பழைய கல்வெட்டுகளில் இது திருச்சோகினூர். பல்லவர் காலத்திலேயே பேர்பெற்ற ஊர். திருமலையிலும் திருப்பதியிலும் இங்கேயும் கிடைத்துள்ள கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருப்பதிக்காக நடந்த சண்டை பழைய கதை. திருத்தணி மட்டும் 1960இல் தமிழகத்துக்குத் திரும்பியது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருச்சானூர் 2022 ஏப்ரல் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. நண்பனின் கடைக்கு வரும் பாட்டிகளுக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. வளையல் அளவை அவர்கள் இரண்டு பாஷையிலும் கலந்தே சொல்கிறார்கள்.

விடியும் நேரத்தில் பாபவிநாசத்தில் இருந்தோம். தேவஸ்தானத்துத் தொண்டர்கள் உணவுப் பொட்டலமும் மோரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அணைக்கு அப்பால் மூங்கில் புதர்களுக்கு நடுவே பாதை நுழைகிறது. அங்கங்கே வனத்துறைக் காவலர்கள். 2023 ஆகஸ்ட்டில் அலிபிரிப் படிக்கட்டுப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை தூக்கிச் சென்று கொன்ற பிறகு, இந்த மலையில் யாரும் தனியே நடக்கத் துணிவதில்லை. கூட்டம் கூட்டமாக, "கோவிந்தா" என்று குரல் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். பக்தி பாதி, பாதுகாப்பு பாதி.

முதல் இரண்டு கிலோமீட்டர் நடை ஒன்றும் கஷ்டம் இல்லை. வழியெல்லாம் செம்மரங்கள். முதலைத் தோல் போலச் சதுரம் சதுரமாக வெடித்த பட்டை. உலகத்திலேயே ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளிலும் அதை ஒட்டிய கொஞ்சம் இடத்திலும்தான் இது தானாக வளர்கிறது. இந்த மரத்துக்காக, இந்தச் சேஷாசலத்தில், 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 தமிழர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக் கிராமத்துக் கூலிகள். ஜவ்வாது மலையில் என்னை வேட்டியில் தூக்கிக்கொண்டு ஓடிய இரண்டு பேரும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். அவர்கள் பெயரைக்கூட அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு செம்மரத்தின் அடியில் நின்று தண்ணீர் குடித்தபோது அது உறுத்தியது.

பிறகு பாதை கீழே இறங்கி ஓடைக்குள் விழுகிறது. அதோடு மண் முடிந்தது. இனி கல்தான்.

இந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலைச்சாலையில் பகலில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பார்க்கலாம். கீழே உருண்டு திரண்ட கருங்கல். அதன் மேல் அடுக்கிவைத்த புத்தகங்கள் போல வரிவரியாக வேறொரு பாறை. கீழே உள்ளது பூமியின் மிகப் பழைய பாறைகளைச் சேர்ந்தது. மேலே உள்ளது ஒரு காலத்தில் நீரடியில் படிந்த மணல், இறுகிக் கல்லாகியது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு கோட்டில் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலம் காணாமல் போயிருக்கிறது. அந்தக் கோட்டைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். திருமலையில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் சிலாதோரணமும் இந்த மேல் பாறையில் நீரும் காற்றும் குடைந்ததுதான். மிகக் கெட்டியான கல். ஆனால் செங்குத்தாக வெடிப்புகள் ஓடும். வெடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடை அறுத்து அறுத்து மலையை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. உடைந்து விழும் துண்டுகள் பெட்டி பெட்டியாக, கூரிய விளிம்போடு கிடக்கும். நீர் ஓடித் தேய்த்த இடத்தில் அதே கல் கண்ணாடி.

பெட்டிப் பாறைகளில் எனக்கு அவ்வளவு தடுமாற்றம் இல்லை. விளிம்பு இருக்கிறது, பிடிக்கலாம். பாறை ஏறக் கற்பவர்களுக்கு முதலில் சொல்லப்படும் பாடம் ஒன்று உண்டு. இரண்டு கை, இரண்டு கால் என்ற நாலில் எப்போதும் மூன்று கல்லில் இருக்க வேண்டும், ஒன்று மட்டுமே நகரலாம். 1953இல் எவரெஸ்ட் ஏறிய டென்சிங், மறு ஆண்டு தொடங்கிய டார்ஜிலிங் மலையேற்றப் பள்ளியில் பயிற்சியாளரானார். பெரிய சிகரங்களுக்குப் போகிறவர்களுக்கும் ஆரம்பம் சின்னப் பாறைகள்தான். தெலங்கானாவின் பழங்குடிச் சிறுமி மாளவத் பூர்ணா, 2014 மே 25 அன்று 13 வயதில் எவரெஸ்ட்டை எட்டினாள். கூட ஏறியவர் அவளைப் போலவே அரசு விடுதிப் பள்ளியில் படித்த ஆனந்த் குமார். இருவரும் பயிற்சி தொடங்கியது ஹைதராபாத் அருகே போனகிரிக் கோட்டையின் ஒற்றைப் பாறையில். இதையெல்லாம் படித்து வைத்திருந்தேன். படித்தது எதுவும் காலுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அந்த வழுக்குப் பாறையில் தெரிந்தது.

ஓடை ஒடுங்கும் இடத்தில், இடது பக்கச் சுவரிலிருந்து சரிந்து இறங்கும் பாறை. குறுக்கே பன்னிரண்டு அடி இருக்கும். மேலே பிரிமணை கனத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். பாறையின் மேல் நீர் மெல்லிய துணி போல வழிந்துகொண்டிருந்தது. கீழே இடுப்பளவு மடு. விழுந்தால் நனைவோம், அவ்வளவுதான். அறிவுக்கு அது தெரிந்தது. முன்னால் போனவர்கள் கயிற்றைத் தொட்டும் தொடாமலும் கடந்து போனார்கள். நண்பனும் போய்விட்டான். நான் இரண்டடி வைத்தேன். நின்றுவிட்டேன்.

முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மார்பைப் பாறையோடு ஒட்டிவைத்தேன். ஒட்ட ஒட்டக் கால் வழுக்கியது. பின்னால் வரிசை நின்றது. கோவிந்தா குரல் மெதுவாக அடங்கி, "ஏமி, ஏமி" என்ற விசாரிப்பு தொடங்கியது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் பொது இடத்தில் அழாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன்.

எனக்குப் பின்னால் கடப்பைப் பக்கத்து அம்மாள் ஒருவர். அறுபதைத் தாண்டியிருக்கும். தேவஸ்தானத்து அறிவிப்பைப் படித்தவராகத் தெரியவில்லை. வெறுங்கால், தலையில் ஒரு மூட்டை. "நிலபடு நாயனா, வங்கொத்து" என்றார். நேராக நில், குனியாதே. சொல்லிவிட்டு, எனக்கு மேல் பக்கமாக, கயிற்றைத் தொடாமலே நடந்து போய்விட்டார்.

அவர் சொன்னது பௌதிகம். சரிவான கல்லில் காலைப் பிடித்து வைப்பது உடம்பின் பாரம்தான். பாரம் நேராகப் பாதத்தின் மேல் விழுந்தால் கல் பிடித்துக்கொள்ளும். பயந்து பாறையைக் கட்டிக்கொண்டால் பாரம் கைக்குப் போகும், பாதம் வெளிப்பக்கம் தள்ளப்படும், வழுக்கும். பயந்தவன் செய்யத் தோன்றுவதும் செய்யக் கூடாததும் ஒன்றாக இருப்பதுதான் கொடுமை. நான் முதுகை நிமிர்த்தினேன். வழுக்கல் நின்றது. ஆனால் கால் எடுக்க வரவில்லை.

அப்போதுதான் நண்பனைப் பார்த்தேன். நாலடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து அவன் எத்தனையோ பேரைக் கைதூக்கி விட்டிருந்தான். ஒரு பெரியவரின் பையைச் சுமந்தான். ஒரு பையனைத் தோளில் வைத்து இறக்கினான். எனக்கு மட்டும் ஒரு தடவையும் கை நீட்டவில்லை. நானாக ஏறட்டும் என்று விடுகிறான், பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனுக்கும் பயம்.

"கை குடுடா" என்றேன்.

அவன் தன் கையைப் பார்த்தான். "ஈரமா இருக்கு" என்றான்.

மூன்று வருடத்தில் ஜவ்வாது மலையைப் பற்றி எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது.

"தொடச்சுட்டுக் குடு."

தோளில் இருந்த துண்டால் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஓரடி கீழே இறங்கி, ஒரு வெடிப்பில் குதிகாலைப் பதித்துக்கொண்டு, கையை நீட்டினான். நான் விரல்களைப் பற்றப் போனேன். "அப்படி இல்லே" என்று தடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்தான். "நீயும் என் மணிக்கட்டைப் பிடி." பிடித்தேன். கையோடு கை கோத்தால் ஒருவர் பிடி விட்டாலும் போயிற்று. மணிக்கட்டோடு மணிக்கட்டு என்றால், ஒருவர் விட்டாலும் மற்றவர் பிடி நிற்கும். ஈரம் அதை அவ்வளவு சுலபமாக அசைக்காது.

மூன்று அடி. வைத்தேன். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். முழங்கால் தானாக ஆடியது. வரிசை மறுபடி "கோவிந்தா" என்றது. எனக்காக இல்லை, வழி விட்டதற்காக.

"இந்தப் பிடியை எங்கே கத்துக்கிட்டே?"

"கடைக்கு வர்ற ஃபயர் சர்வீஸ்காரர் சொல்லிக் குடுத்தார்."

"எப்போ?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ."

அதற்கு மேல் அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தோம்.

அங்கிருந்து ஓடை ஒரு பிளவுக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு வேட்டிக் கரை அகலம். பாறையும் தண்ணீரும் மாறி மாறி வரும். முழங்காலளவு நீரில் நடந்து, ஒரு பாறை ஏறி, மறுபடி நீரில் இறங்கி, கடைசியில் அருவி விழும் சிறு மடு. அதுதான் தும்புரு தீர்த்தம். தும்புரு தேவலோகத்துப் பாடகன், குதிரை முகக் கந்தர்வன். மனைவி சோம்பேறி என்று கோபித்து அவளைத் தவளையாகப் போகச் சபித்தானாம். இங்கே ஓர் அரசமரப் பொந்தில் கிடந்த தவளை, அகத்தியர் சொன்ன தீர்த்த மகிமையைக் காதில் வாங்கிப் பழைய உருவம் பெற்றதாகக் கதை. காலையில் மனைவியை எழுப்ப வேறு வழியே அவனுக்குத் தோன்றவில்லையா என்று என் முன்னால் நின்ற ஒரு பெண் கணவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் கவனமாக அருவியைப் பார்த்தார்.

எனக்குத் தும்புருவைவிட வேங்கமாம்பாவைப் பிடித்திருக்கிறது. தரிகொண்டாவில் 1730இல் பிறந்தவர். சிறு வயதிலேயே விதவையானவர். தலையை மழிக்க மாட்டேன், பொட்டை அழிக்க மாட்டேன் என்று ஊரை எதிர்த்து நின்றார். திருமலைக்கு வந்தும் தொல்லை ஓயாமல், இந்தப் பள்ளத்தாக்கின் குகையில் பல ஆண்டுகள் தனியே இருந்ததாகச் சொல்கிறார்கள். தெலுங்கில் கவிதைகளும் யட்சகானங்களும் எழுதி 1817இல் மறைந்தார். திருமலையில் இரவு ஏகாந்த சேவையில் காட்டப்படும் முத்யால ஆரத்தி அவருடையது. பக்தர்கள் சாப்பிடும் பெரிய அன்னதானக் கூடத்துக்கும் அவர் பெயர்தான். கயிறும் காவலரும் மோரும் இல்லாத காலத்தில் அந்தப் பெண் எந்தக் கல்லில் எப்படிக் கால் வைத்தார் என்று யோசித்துக்கொண்டே அருவியில் நின்றேன். தண்ணீர் மார்ச்சளி பிடிக்கும் குளிர்ச்சி.

திரும்பும் வழியில் அதே வழுக்குப் பாறை. நண்பன் முன்னால் போய் அதே வெடிப்பில் குதிகாலைப் பதித்து நின்றான். நான் கயிற்றை ஒரு கையால் பிடித்து, நிமிர்ந்து, நடந்து கடந்தேன். அவன் கையைத் தொடவில்லை. கை நீட்டியே இருந்தது. பெருமைப்பட அதிகம் இல்லை. அரை மணி கழித்து வேறொரு பாறையில் தைரியம் போய், உட்கார்ந்தபடி நகர்ந்து இறங்கினேன். பேண்ட் கிழிந்தது. கடப்பை அம்மாளை எங்கும் காணவில்லை. எங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

இருட்டிய பிறகு திருச்சானூர் வந்தோம். கோயில் குளமான பத்ம சரோவரத்தில் விளக்கு வெளிச்சம் ஆடியது. கார்த்திகை பஞ்சமி தீர்த்தத்தன்று கால் வைக்க இடம் இருக்காத படிகள் அன்று காலியாக இருந்தன. கீழ்ப் படிகள் ஈரம், பாசி. நண்பன் மேலேயே நின்றான். நான் ஐந்து படி இறங்கி, நிமிர்ந்து நின்று, கால் கழுவினேன். கணுக்காலில் திருகாணி இருக்கும் இடம் லேசாக வலித்தது.

"மாசியில குமாரதாரை போலாம்" என்றான் மேலேயிருந்து. "அங்கே பாறை இடுக்குல ஏணி வச்சு இறங்கணும்."

"ஏணி ஆடுமா?"

"ஆடும்" என்றான்.